பேய் ரயிலுக்கு என்ன அவசரம்?

ஹாலோவீனுக்குப் பொம்மை ரயில் லேஅவுட் கட்டத் தொடங்குகிறவர்கள் முதலில் வாங்குவது எலும்புக்கூடு. பிறகு வௌவால், பிறகு கல்லறைக் கற்கள், பிறகு பட்டனை அழுத்தினால் கத்துகிற சூனியக்காரி. கையிலிருக்கும் காசு தீர்ந்த பிறகுதான் ரயிலைப் பற்றி நினைப்பார்கள். என்னிடம் யோசனை கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதற்கு நேர்மாறானது. முதலில் ஒரு டப்பா கறுப்புப் பெயிண்ட் வாங்குங்கள். அடுத்து, ஒழுங்காக ஓடுகிற ஒரு ரயில். பொம்மையெல்லாம் கடைசியில். பயம் பொம்மையில் இல்லை. பார்ப்பவருக்குப் பழக்கமான ஒரு ஸ்டேஷன், ஒரு கேட், ஒரு பாலம். அதில் ஏதோ ஒன்று மட்டும் சரியில்லை என்று அவருக்குத் தோன்ற வேண்டும். அந்த ஒன்று எடுபட வேண்டுமானால் மற்றதெல்லாம் அச்சு அசலாக இருந்தாக வேண்டும்.

நான் இருப்பது அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்தின் லான்காஸ்டர் பக்கம். பொம்மை ரயில் இந்த மண்ணில் ஊறிய விஷயம். பெத்லஹேம் ஊர் மொரேவியக் கிறிஸ்தவர்கள் கிறிஸ்துமஸுக்கு ‘புட்ஸ்’ என்று வீட்டில் குடில் வைப்பார்கள். அது நாளடைவில் மாநிலம் முழுக்கப் பரவி, குடில் கிராமமாக விரிந்து, கிராமத்தைச் சுற்றி ரயிலும் ஓட ஆரம்பித்தது. ஷார்ட்ல்ஸ்வில்லில் லாரன்ஸ் கீரிங்கர் கட்டிய ‘ரோட்சைட் அமெரிக்கா’ என்ற மாபெரும் சிற்றுருவ ஊரை 2020-ல் மூடும் வரை தலைமுறை தலைமுறையாக ஜனங்கள் போய்ப் பார்த்தார்கள். 1832-ல் உரிமம் பெற்ற ஸ்ட்ராஸ்பர்க் ரயில் பாதையில் இன்றும் நீராவி எஞ்சின் ஓடுகிறது. தேசியப் பொம்மை ரயில் அருங்காட்சியகமும் அதே ஊரில்தான். ஹாலோவீன் லேஅவுட் என்பது இந்தக் கிறிஸ்துமஸ் ரயிலின் தம்பி. பனிக்குப் பதில் சருகு, தேவதைக்குப் பதில் பேய். லயனல் கம்பெனியே ஆரஞ்சும் கறுப்புமாக ஹாலோவீன் ரயில் விற்கிறது. லெமாக்ஸும் டிபார்ட்மென்ட் 56-ம் பேய் வீடுகளை வரிசை வரிசையாகக் கொண்டுவருகின்றன. 1964-ல் தொடங்கிய ‘ஆடம்ஸ் ஃபேமிலி’ தொலைக்காட்சித் தொடரில் வீட்டுத் தலைவர் கோமெஸ் பொம்மை ரயில்களை மோதவிட்டு மகிழ்வாரே, பொம்மை ரயிலும் பேய் வீடும் ஒரே கூரைக்குக் கீழே வந்ததை இந்த நாடு அப்போதே பார்த்துவிட்டது.

வருடத்துக்கு இரண்டு முறை, ஏப்ரலிலும் அக்டோபரிலும், யார்க் நகரத்து மைதானத்தில் பெரிய ரயில் சந்தை கூடும். ஹாலோவீன்காரர்களுக்கு அக்டோபர் சந்தைதான் திருவிழா. பெயிண்ட் உரிந்த பெட்டி, புகைபோக்கி உடைந்த எஞ்சின், கூரை நசுங்கிய சரக்கு வண்டி என்று சேகரிப்பாளர்கள் ஒதுக்கித் தள்ளுகிற சாமான்தான் நமக்கு வேண்டியது. புதுசாக வாங்கிப் பழசாக்குவதைவிட உண்மையில் பழசானதை வாங்குவது எவ்வளவோ மேல். துருவை யாராலும் முழுதாகப் போலி செய்ய முடியாது.

என் பலகை 4 அடிக்கு 8 அடி பிளைவுட். அதன்மேல், வீட்டுச் சுவருக்குள் குளிர் தடுக்க வைக்கும் 2 அங்குல இளஞ்சிவப்பு ஃபோம் பலகை. வெள்ளைத் தெர்மகோல் மணி மணியாக உதிரும், இது உதிராது. கத்தியால் செதுக்கலாம், அரத்தால் ராவலாம். சூடான கம்பியால் அறுத்தால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது. கராஜ் கதவைத் திறந்து வைத்துத்தான் அறுப்பேன். ஸ்பிரே பெயிண்டை நேராக அடித்தால் ஃபோம் கரைந்து குழி விழும். அதனால் முதலில் தண்ணீர்ப் பெயிண்ட் ஒரு பூச்சு கொடுத்துவிட வேண்டும். கல்லறைக் கல்லுக்கு மட்டும் நான் அந்தக் கரைதலையே வேலை வாங்குகிறேன். ஃபோம் துண்டில் கல் வெட்டி, எட்ட நின்று ஸ்பிரேயை லேசாக ஒரு வீச்சு வீசினால், நூறு வருட மழை அரித்த முகம் அதற்கு வந்துவிடும். பிறகு அடர்சாம்பல் நிறம், அது காய்ந்ததும் கிட்டத்தட்ட உலர்ந்த தூரிகையில் வெளிர்சாம்பலைத் தொட்டு விளிம்புகளில் மட்டும் தடவல். கல் தயார்.

அளவு விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். நான் ஓட்டுவது மூன்று தண்டவாள ‘ஓ’ கேஜ். அதில் நிஜத்தின் 48-ல் ஒரு பங்கு பொம்மை. ஆறடி மனிதன் ஒன்றரை அங்குலம். கடையில் கிடைக்கும் ஹாலோவீன் ஊர்ப் பொம்மைகள் பெரும்பாலும் இதைவிட உயரம், அவற்றின் வீடுகளோ இதைவிடக் குள்ளம். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டினால் கண் உடனே கண்டுபிடித்துவிடும். கண் சந்தேகப்பட்டால் பயம் போய்விடும். பெரிய பொம்மைகளைப் பலகையின் முன் விளிம்பில் வையுங்கள். நடுவில் சரியான அளவு. பின்னால் மலைச்சரிவில் 87-ல் ஒரு பங்கான ‘எச்.ஓ.’ அளவு வீடுகள். மலை உச்சியில், 160-ல் ஒரு பங்கான ‘என்’ அளவுப் பயணிகள் ரயில் ஒன்று, ஜன்னல் விளக்குகளோடு. நாலடி பலகையில் அந்த ரயில் எங்கோ பல மைலுக்கு அப்பால் போவதாகத் தெரியும். என்னிடம் இருக்கும் எல்லாப் பேய்களையும்விட அந்தச் சின்ன ரயில்தான் பெரியவர்களை நிற்க வைக்கிறது.

இடமில்லாதவர்களுக்கு ஓ.என்.30 என்ற வழி உண்டு. மனிதர்களும் வண்டிகளும் அதே 48-ல் ஒரு பங்கு, ஆனால் ஓடுவது 16.5 மில்லிமீட்டர் அகலமுள்ள எச்.ஓ. தண்டவாளத்தில். இரண்டரை அடி அகலக் குறும்பாதை ரயிலின் கணக்கு அது. சாப்பாட்டு மேசையிலேயே ஒரு பேய் ஊரைச் சுற்றி வரும்.

அடுத்தது வேகம். என் மகள் சின்னவளாக இருந்தபோது எஞ்சின் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “அப்பா, பேய் ரயில்தானே? அதுக்கு என்னப்பா அவசரம்?” அதைவிடச் சரியான தொழில்நுட்ப அறிவுரை எனக்கு யாரும் சொன்னதில்லை. உயிரோடு இருக்கிறவர்களுக்குத்தான் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டிய கட்டாயம். இப்போது என் ரயில் மணிக்கு 10 மைல் வேகத்துக்குச் சமமாக ஓடுகிறது. பொம்மைக் கணக்கில் அது வினாடிக்கு நாலு அங்குலத்துக்கும் குறைவு. ஒரு சுற்று வர ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகும். அவ்வளவு மெதுவாக, திணறாமல் ஓடுவதற்குத்தான் உழைப்பெல்லாம். பல் சக்கரங்களில் பழைய கிரீஸைச் சுரண்டி எடுத்துப் புதுசு வைக்க வேண்டும். தண்டவாளத்தை ஆல்கஹால் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். இரும்பு நார் கொண்டு தேய்க்கவே கூடாது. அதன் துகள்களை மோட்டாரின் காந்தம் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒவ்வொரு இணைப்பிலும் மின்சாரம் சீராகப் பாய்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். வேகமாக ஓடும் ரயில் ஒரு மோசமான இணைப்பைத் தாண்டிக் குதித்துவிடும். மெதுவாகப் போகும் ரயில் அங்கே நின்றுவிடும்.

சுற்றின் பின்பாதி முழுக்க மலைக்குள் மறைந்திருக்கிறது. ரயில் சுரங்கத்துக்குள் போனால் அரை நிமிடம் கண்ணில் படாது. அப்போது முதலில் வருவது கூவல்தான். அமெரிக்க ரயில்கள் லெவல் கிராசிங்கை நெருங்கும்போது ஒரு கணக்கில் கூவும்: நீளம், நீளம், குட்டை, நீளம். இந்த ஊர்க் குழந்தைகள் பிறந்ததிலிருந்து அதைத் தூக்கத்தில் கேட்டு வளர்ந்தவர்கள். அந்தக் கூவலை நான் மலைக்குள் வைத்த ஒலிபெருக்கியிலிருந்து, கனமான துணிக்குப் பின்னாலிருந்து, அடங்கிய குரலில் வரவிடுகிறேன். கேட்டதும் எல்லாரும் சுரங்க வாயைப் பார்க்கிறார்கள். ரயில் வருவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. அந்தக் காத்திருப்பை எந்த எலும்புக்கூடும் தர முடியாது.

வெளிச்சம் என் லேஅவுட்டின் உயிர். அதில்தான் வருடம் முழுக்க என் மாலை நேரங்கள் போகின்றன.

கடையில் வாங்கும் பிளாஸ்டிக் வீட்டுக்குள் விளக்குப் போட்டால் சுவரே ஒளிர ஆரம்பித்துவிடும். வீடு ஒளிரக் கூடாது. ஜன்னல் மட்டும்தான் ஒளிர வேண்டும். அதற்குத்தான் முதலில் சொன்ன கறுப்புப் பெயிண்ட். வீட்டின் உள்பக்கம் முழுக்க இரண்டு பூச்சுக் கறுப்பு; அதன்மேல் ஒரு பூச்சு பழுப்பு வெள்ளை, உள்ளே ஒளி பரவுவதற்கு. மூலைகளில் வெளிச்சம் கசிந்தால் கறுப்புக் களிம்பு. பிறகு ஜன்னல்களுக்குத் தனித்தனி அறை கட்ட வேண்டும், கறுப்பு அட்டையால். ஒரே பல்பில் எல்லா ஜன்னலும் எரிந்தால் அது விளக்குக்கூண்டு, வீடு அல்ல. ஒரு ஜன்னலில் மட்டும் வெளிச்சம், மேல்மாடியில் அவ்வப்போது நடுங்கும் இன்னொன்று. மற்றவை இருட்டு. ஆளில்லாத வீட்டின் மேல்மாடியில் யார் விளக்கேற்றினார்கள் என்று பார்ப்பவரே கேட்டுக்கொள்வார்.

எல்.இ.டி.யைப் பொறுத்தவரை என் விதி, வெள்ளையே வேண்டாம் என்பது. மஞ்சளும் ஆரஞ்சும் போதும். 12 வோல்ட்டில் ஓர் ஆரஞ்சு எல்.இ.டி.க்கு 560 ஓம் ரெசிஸ்டர் போட்டால் முழு வெளிச்சம் தரும். நான் போடுவது 4,700 ஓம். அட்டைப்பெட்டியில் எழுதியிருக்கும் பிரகாசத்தில் பத்தில் ஒரு பங்கு வந்தாலே, இருட்டில் பழகிய கண்ணுக்கு அது மண்ணெண்ணெய் விளக்கு. நடுங்கும் ஒளிக்குத் தனி வித்தை ஏதும் வேண்டாம். உள்ளேயே சில்லு வைத்த மெழுகுவத்தி எல்.இ.டி.கள் கிடைக்கின்றன. ஊதா நிறப் புற ஊதா விளக்கைச் சிலர் பலகை முழுக்கப் பாய்ச்சுகிறார்கள். எனக்கு அது பிடிக்காது. அந்த ஒளியில் எல்லாமே ஒரே தூரத்தில் இருப்பதாகத் தெரியும். மலையின் ஆழம் போய்விடும். கல்லறைத் தோட்டத்து மூலையில் ஒரே ஒரு விளக்கு, அதுவும் ஒரு மரத்துக்குப் பின்னால், போதும்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். ரயில்வேயில் பிரேக்மேனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூன்று தண்டவாளப் பாதையின் மிகப் பழைய தந்திரத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். நடுத் தண்டவாளத்தில்தான் மின்சாரம் வருகிறது. வெளித் தண்டவாளங்கள் இரண்டும் அது திரும்பிப் போகும் வழி. வெளித் தண்டவாளம் ஒன்றில் ஓர் அடி நீளத்தை மட்டும் மற்றதிலிருந்து துண்டித்து வைத்தால், ரயில் அங்கே வரும்போது அதன் அச்சே இரண்டு பக்கத்தையும் இணைத்துவிடும். அந்த இணைப்பில் ஒரு விளக்கை எரிய வைக்கலாம், மணியை அடிக்க வைக்கலாம். கணினி வேண்டாம், சென்சார் வேண்டாம். ரயில் வந்தால் நடக்கும், போனால் நிற்கும். பெரியவர் இப்போது இல்லை. என் லேஅவுட்டில் நடக்கும் மாயம் ஒவ்வொன்றும் அவர் காட்டிய அந்த ஓர் அடித் தண்டவாளத்தில்தான் தொடங்குகிறது.

அப்படி நான் முதலில் இயக்கியது லயனலின் கேட்கீப்பர். 1935-ல் வந்த பொம்மை அது. தண்டவாளத்தின் ஓரம் ஒரு சின்னக் கூண்டு. ரயில் வந்ததும் கதவு திறந்து ஒரு மனிதன் கையில் லாந்தரோடு வெளியே வருவான், ரயில் போனதும் உள்ளே போய்விடுவான். அமெரிக்காவில் ரயில் வைத்து விளையாடிய ஒவ்வொரு தாத்தாவுக்கும் அவனைத் தெரியும். யார்க் சந்தையில் உடைந்த கேட்கீப்பர்கள் மலிவாகக் கிடைப்பார்கள். ஒருவனை வாங்கி, மேலே கறுப்பும் சாம்பலும் பூசி, முகத்தை மட்டும் நிறமில்லாமல் விட்டேன். லாந்தரைச் சிவப்பாக்கினேன். வேறொன்றும் செய்யவில்லை. மண்டையோடு வைக்கவில்லை, ரத்தம் பூசவில்லை. முகமில்லாதவன் வந்து நின்று சிவப்பு விளக்கைக் காட்டுகிறான். ரயில் நிற்காமல் போகிறது. தாத்தாக்கள் அதைப் பார்த்துச் சிரிப்பதில்லை.

சுரங்க வாயும் சிவப்பு விளக்கும் ஏன் இவ்வளவு நெருடுகின்றன என்பதற்கு ஆங்கில எழுத்தாளர் டிக்கன்ஸிடம் போக வேண்டும். 1865 ஜூன் 9 அன்று இங்கிலாந்தின் ஸ்டேபிள்ஹர்ஸ்ட்டில் ரயில் கவிழ்ந்து பத்துப் பேர் இறந்த விபத்தில் உயிர் தப்பியவர் அவர். அடிபட்டவர்களுக்கு அங்கேயே உதவி செய்தவர். அடுத்த வருடம் ‘தி சிக்னல்மேன்’ என்ற கதையை எழுதினார். சுரங்க வாயில் அபாய விளக்கடியில் ஓர் உருவம் நின்று எச்சரிக்கும் கதை. விபத்து நடந்து சரியாக ஐந்து வருடம் கழித்து, அதே ஜூன் 9-ல் இறந்தார். ரயில் பேய்க் கதை எழுதியவர் ரயிலின் பயத்தை உடம்பில் வாங்கியவர். ஹாலோவீன் லேஅவுட் கட்டுகிற எல்லாரும் அந்தக் கதையை ஒரு தடவையாவது படிக்க வேண்டும் என்பது என் கருத்து. அதில் பேய் செய்வது மிகக் கொஞ்சம். கையை அசைக்கிறது, குரல் கொடுக்கிறது, ஏறக்குறைய அவ்வளவுதான்.

டிக்கன்ஸின் இன்னொரு கதையும் என் பலகையில் வேலை செய்கிறது. 1862 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் லண்டனில் ஜான் ஹென்றி பெப்பர் ஒரு பேயை மேடையில் தோன்ற வைத்தார். அது டிக்கன்ஸின் ‘தி ஹான்டட் மேன்’ கதை. கருவியின் மூல யோசனை ஹென்றி டர்க்ஸ் என்ற பொறியாளருடையது. மேடைக்கு முன்னால் சாய்ந்த ஒரு பெரிய கண்ணாடித் தகடு. பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாத பள்ளத்தில் ஒரு நடிகர். அவர்மேல் வெளிச்சம் விழுந்தால் அவர் பிம்பம் கண்ணாடியில் விழுந்து, மேடையில் காற்றாக நிற்கும். 1969-ல் திறந்த டிஸ்னிலேண்டின் பேய் மாளிகையில் நடன அறையில் சுழலும் ஆவிகளும் இதே வித்தைதான். அதை நான் தீப்பெட்டிகள் நாலைந்து அடுக்கினாற்போன்ற ஒரு ஸ்டேஷனுக்குள் கொண்டுவந்தேன்.

காத்திருப்போர் அறை. மங்கிய வெளிச்சம், உள்ளே ஒரு காலி பெஞ்சு. ஜன்னலுக்குச் சற்று உள்ளே, 45 பாகையில், மெல்லிய தெளிந்த பிளாஸ்டிக் தகடு. தடித்த கண்ணாடி போட்டால் இரண்டு பக்கமும் பிரதிபலித்து இரட்டை உருவம் தெரியும். மெலிதாக இருக்க வேண்டும். பக்கவாட்டில், சுவருக்குப் பின்னால், பார்ப்பவருக்குத் தெரியாத கறுப்பு அறை. அதில் உட்கார்ந்த நிலையில் ஒரு பெண் பொம்மை, வெள்ளையடித்தது, சுற்றிலும் கறுப்பு வெல்வெட். பிம்பம் தகட்டிலிருந்து எவ்வளவு தூரம் உள்ளே தெரியும் என்பது, பொம்மை தகட்டுக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது, இரண்டும் சமம். அதனால் தகட்டுக்கும் பெஞ்சுக்கும் உள்ள தூரத்தை அளந்து, பொம்மையை அதே தூரத்தில் வைத்தால், அவள் பெஞ்சின்மேல் சரியாக உட்காருவாள். இடம் வலம் மாறும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ரயில் நெருங்கும்போது அந்த ஓர் அடித் தண்டவாளம் அவள்மேல் விளக்கை ஏற்றும். ஒரு பெரிய கபாசிட்டர் இணைத்திருப்பதால் விளக்கு சட்டென்று எரியாது, மெல்லக் கூடி மெல்லக் குறையும். காலி பெஞ்சில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். ரயில் நிற்காமல் போகிறது. பெஞ்சு மறுபடி காலி.

இவ்வளவு வேலைக்கும் ஒரே ஒரு ஜன்னல், தபால்தலை அளவு. பார்க்காமல் போகிறவர்கள் போகட்டும். பார்த்தவர்கள் பக்கத்திலிருப்பவரிடம் “நீ பார்த்தியா?” என்று கேட்பார்கள். அடுத்த சுற்று வரும் வரை நகர மாட்டார்கள்.

இதெல்லாம் விளையாட்டுப் பேய்கள். நிஜ ரயில் பாதைகளுக்கு நிஜமான சாவுகள் உண்டு. அங்கே வந்தால் என் கை வேறு மாதிரி வேலை செய்யும். என் மலையின் சுரங்கம் மாசசூசெட்ஸின் ஹூசாக் சுரங்கத்தைப் பார்த்துக் கட்டியது. நாலே முக்கால் மைல் நீளம். 1851-ல் தொடங்கி, 1875-ல்தான் ரயில் ஓடியது. தோண்டியதில் கிட்டத்தட்ட 200 பேர் இறந்தார்கள். 1867 அக்டோபர் 17 அன்று நடுக் கிணற்றின் மேலே தீப்பிடித்து, கீழே இருந்த 13 பேர் மேலே வர வழியில்லாமல் மாண்டார்கள். கிணற்றில் நீர் நிரம்பியதால் உடல்களை எடுக்க ஒரு வருடம் ஆனது. தொழிலாளர்களே அதற்கு ‘ரத்தக் குழி’ என்று பெயர் வைத்தார்கள்.

அதைவிட அருகில், லான்காஸ்டரிலிருந்து பிலடெல்பியா போகும் பாதையில், மால்வர்ன் ஊருக்கு அருகே டஃபீஸ் கட் வரும். 1832 கோடையில் அயர்லாந்திலிருந்து கப்பலில் வந்து இறங்கிய 57 கூலியாட்கள் அங்கே ரயில் பாதைக்காக மண் வெட்டினார்கள். சில வாரங்களுக்குள் எல்லாரும் இறந்தார்கள். காலரா என்றார்கள். 2009-லிருந்து தோண்டி எடுத்த எலும்புகளில் சில மண்டையோடுகள் அடித்து உடைக்கப்பட்டிருந்தன. அவர்களைப் புதைத்த குழியைச் சுற்றி ஆவிகள் நடனமாடியதைப் பார்த்ததாக ஒரு பழைய சாட்சியம் ரயில் கம்பெனிக் கோப்பில் கிடந்தது. அந்தக் கோப்பிலிருந்துதான் வாட்சன் என்ற சகோதரர்கள் இருவர் தேடலைத் தொடங்கினார்கள். ஆக, பேய்க் கதைதான் கொலையைக் காட்டிக்கொடுத்தது. 2012-ல் சிலரது எலும்புகளை முறைப்படி நல்லடக்கம் செய்தார்கள். ஹாலோவீனை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர்களும் அயர்லாந்துக்காரர்களே. ஊரில் கோசுக்கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்கள், இங்கே வந்து பூசணியைக் கண்டார்கள்.

டஃபீஸ் கட்டை என் லேஅவுட்டில் வைத்திருக்கிறேன். ஆனால் அங்கே எலும்புக்கூடு கிடையாது, நடனம் கிடையாது. மண் வெட்டிய சரிவு, ஒரு கல் அடைப்பு, சாத்தி வைத்த சில மண்வெட்டிகள். சயாம்–பர்மா ரயில் பாதையில் செத்து விழுந்த தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களைப் பற்றி வாசித்த எனக்கு, கூலிக்காரனின் குழிமேல் பிளாஸ்டிக் பேய் ஆட மனம் வரவில்லை. கதையைக் கேட்டால் சொல்வேன். குழந்தைகள் கேட்கிறார்கள்.

தரைக்கு வருவோம். மரங்கள் எல்லாம் நிஜச் சுள்ளி. அடுப்பில் குறைந்த சூட்டில் காயவைத்து எடுத்தால் உள்ளிருக்கும் பூச்சி சாகும். கம்பிகளை முறுக்கி மரமாக்கி மேலே களிம்பு பூசுவதும் உண்டு. முறுக்கேறிய கிளைக்கு அதுவே நல்லது. சருகுக்கு, வாசலில் விழும் மேப்பிள் இலைகளை நன்றாகக் காயவைத்து மிக்ஸியில் ஓட்டிச் சலிப்பேன். ஈர மண்ணுக்கு டீ வடிகட்டிய தூள், வெயிலில் உலர்த்தியது. பூசணிக்காய்களுக்கு என் மனைவியின் அஞ்சறைப்பெட்டியே துணை. முழுக் கொத்தமல்லி விதையைக் கையில் எடுத்துப் பாருங்கள்: உருண்டை, மேலிருந்து கீழே வரி வரியாகப் பூசணியின் வரிகள், உச்சியில் காம்பு. 48-ல் ஒரு பங்கு அளவில் அது எட்டு அங்குலப் பூசணி. ஆரஞ்சு பூசி, மேலே மங்கல் வார்னிஷ் அடித்துவிட்டால் ஒரு வயல் முழுக்க விளைந்துவிடும். கிளே கொண்டு ஒவ்வொன்றாக உருட்டிப் பற்குச்சியால் கீறுகிறவர்களுக்கு இதைக் காட்டியிருக்கிறேன். அவர்களும் இப்போது இந்தியக் கடைக்குப் போகிறார்கள்.

மூட்டத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பனிமூட்டத்துக்கும் சிலந்தி வலைக்கும் பஞ்சு நாரை இழுத்துப் பரப்புவார்கள். பார்க்க அழகு, ஆனால் ஒரு நூல் தண்டவாளத்தைத் தொட்டால் எஞ்சினின் அச்சு அதைச் சுருட்டிக்கொள்ளும், பல் சக்கரம் இறுகும். தண்டவாளத்துக்கு மூன்று அங்குலம் இரண்டு பக்கமும் நார் கூடாது. விழா மேடையில் பயன்படும் புகை இயந்திரம் வேண்டவே வேண்டாம். அதன் திரவம் தண்டவாளத்தில் வழவழப்பான படலமாகப் படிந்து மின்தொடர்பைக் கெடுக்கும். உலர்பனி மைனஸ் 78 டிகிரி செல்சியஸ். வெறும் கையால் தொடக் கூடாது, மூடிய அறையில் கூடாது. எனக்குப் பிடித்தது எஞ்சினின் சொந்தப் புகை மட்டும், சுரங்க வாயில் தேங்கி நிற்கும் அளவுக்கு.

அக்டோபர் 31. இங்கே அப்போது சூரியன் 6 மணிவாக்கில் சாய்ந்துவிடும். எங்கள் பகுதியில் குழந்தைகள் மிட்டாய் கேட்டு வருவது 6-லிருந்து 8 வரை. கராஜ் கதவைத் திறந்து வைத்து, தெருவைப் பார்த்தபடி பலகையைப் போடுகிறேன். தரையிலிருந்து 30 அங்குல உயரம். பெரியவர்கள் லேஅவுட் கட்டினால் தங்கள் நெஞ்சு உயரத்துக்குக் கட்டுவார்கள். ஆறு வயசுப் பிள்ளைக்கு அதில் தெரிவது பலகையின் விளிம்பு மட்டுமே. 30 அங்குலத்தில் வைத்தால் பிள்ளையின் கண் ரயிலுக்குச் சற்று மேலே நிற்கும். எஞ்சின் விளக்கு சுரங்கத்திலிருந்து நேராக முகத்துக்கு வரும். முன்னால் தெளிந்த அக்ரிலிக் தகடு, விரல்களிடமிருந்து காப்பாற்ற. முதலில் வரும் சின்னஞ்சிறுசுகள் அந்தி வெளிச்சத்தில் பூசணி வயலையும் ரயிலையும் பார்த்துவிட்டுப் போகும். அவர்களுக்கு அது போதும். ஏழு மணிக்கு மேல் வரும் பெரிய பிள்ளைகளுக்குத்தான் இருட்டு. தானாக நடந்துவிடுகிற அந்த ஏற்பாட்டை நான் மாற்ற மாட்டேன். மிட்டாய்க் கூடையைப் பலகையின் தூரத்து முனையில் வைத்திருக்கிறேன். வாங்கப் போகிறவர்கள் ஸ்டேஷன் ஜன்னலைக் கடந்துதான் போக வேண்டும்.

மறுநாளே பிரித்து வைக்கத் தொடங்குவேன். பேட்டரிகளைக் கழற்றுவது முதல் வேலை. கசிந்தால் பொம்மை கெடும். சுள்ளி மரங்கள் நிமிர்ந்து நிற்கும்படி ஃபோம் துண்டில் குத்தி வைக்க வேண்டும். சருகைத் தூசி உறிஞ்சியில் காலுறை மாட்டி உறிஞ்சினால் அடுத்த வருடத்துக்கு மீட்கலாம். தண்டவாளம் அப்படியே இருக்கும். நவம்பர் கடைசியில் அதே வளைவில் பனி விழும். முகமில்லாத கேட்கீப்பருக்குப் பதிலாக, மாற்றாத பழைய நீலச் சட்டைக் கேட்கீப்பர் வருவான்.

அடுத்த அக்டோபருக்கு மேக்கோ விளக்கைக் கட்டுகிறேன். வட கரோலினாவில் வில்மிங்டன் அருகே மேக்கோ என்ற இடத்தில், சதுப்புக்குள் போகும் தண்டவாளத்தின்மேல் ஒரு வெளிச்சம் அலைந்துகொண்டிருந்தது. விபத்தில் தலை துண்டான ஜோ பால்ட்வின் என்ற ரயில் ஊழியர் லாந்தரோடு தன் தலையைத் தேடுவதாகச் சொன்னார்கள். 1977-ல் தண்டவாளத்தைப் பிடுங்கியதும் விளக்கும் போனது. பலகையின் இடது ஓரத்தில் இரண்டடி இதற்கென்று வெட்டியாகிவிட்டது. மரக்கால்கள் மேல் தாழ்ந்த பாலம், கீழே ரெசின் ஊற்றிய கறுப்புத் தண்ணீர், மரங்களில் தொங்க தேங்காய் நார். விளக்கை நகர்த்தும் வழிதான் கடினம். கம்பியில் இழுத்துப் பார்த்தேன், ஆட்டம் தெரிகிறது. இப்போது மெல்லிய ஒளியிழைகளைத் தண்டவாளக் கட்டைகளுக்கு நடுவே புல்போல் நட்டு, ஒன்று மங்கும்போது அடுத்தது ஏறும்படி அமைக்கிறேன். நடந்து போகிற மனிதன் கையில் தொங்கும் லாந்தர் தரையிலிருந்து ஏறக்குறைய இரண்டடி. என் கணக்கில் அரை அங்குலம். எல்லா இழையையும் அந்த உயரத்துக்கு வெட்டி, நுனியை மண்தாளில் தேய்த்து, இந்தக் குளிர்காலத்துக்குள் நட்டு முடிக்க வேண்டும்.